கனமான பெரிய வாட்ச் கைக்கு ஒத்துவருமா? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விலை உயர்ந்த பெரிய வாட்சை முதன்முதலாக வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "200 கிராம் கனத்தை நாள் முழுக்கக் கையில் கட்டிக்கொண்டிருக்க முடியுமா?" நியாயமான கேள்வி. ஆனால் 200 கிராம் வாட்சைக் காலையில் கட்டி இரவில் கழற்றும் வரை அதை நினைக்கவே நினைக்காதவர்கள் இருக்கிறார்கள். 120 கிராம் வாட்சை மதியத்துக்குள் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக, தராசு காட்டும் எண்ணில் மட்டும் விடை இல்லை.

கனம் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும். பழகாதவை மூன்று: வாட்ச் ஆடுவது, ஒரு பக்கமாகச் சரிவது, ஒரே இடத்தில் குத்துவது. இவை முதல் நாள் எப்படி இருந்தனவோ அப்படியேதான் ஒரு வருடம் கழித்தும் இருக்கும். அதனால் ஒரு வாட்சைச் சோதிக்கும்போது "கனமாக இருக்கிறதா" என்று பார்ப்பதை விட, இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பயன் தரும். எப்படிப் பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

கையை அளப்பதில் தொடங்குங்கள்

பலரும் மணிக்கட்டின் சுற்றளவை மட்டும் அளந்து வைத்திருப்பார்கள். அது செயினில் எத்தனை கண்ணி கழற்ற வேண்டும் என்பதற்கு உதவும். பெரிய வாட்ச் பொருந்துமா என்பதற்கு அது போதாது. ஒரே சுற்றளவு உள்ள இருவரில் ஒருவருக்கு மணிக்கட்டு அகலமாகத் தட்டையாக இருக்கும், மற்றவருக்கு உருண்டையாக இருக்கும். தட்டைக் கையில் அழகாக உட்காரும் அதே வாட்ச், உருண்டைக் கையில் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அகலத்தை அளக்க எளிய வழி இருக்கிறது. உள்ளங்கை கீழே இருக்கும்படி கையை மேஜையில் வையுங்கள். மணிக்கட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி, தோலைத் தொடும்வரை நகர்த்துங்கள். கையை எடுத்துவிட்டு, புத்தகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளங்கள். வாட்ச் உட்காரும் இடத்தில் அளப்பது முக்கியம். சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால், முழங்கைப் பக்கமாக அளக்க வேண்டும். எலும்பின் மேலேயே அளந்தால் எண் கூடுதலாக வரும்.

இந்த அகலத்தில் உண்மையில் தட்டையாக இருக்கும் பகுதி இன்னும் குறைவு, ஓரங்கள் வளைந்து இறங்குகின்றன அல்லவா. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கட்டத்தில் தேவைப்படும்.

கடிகாரத்தின் எண்களில் எதை நம்புவது

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது விட்டம்: 42 மி.மீ., 44 மி.மீ., 46 மி.மீ. அணிந்திருக்கும் சுகத்தைப் பொறுத்தவரை இதற்கு இரண்டாம் இடம்தான். முதலில் பார்க்க வேண்டியது கொம்புக்குக் கொம்பு நீளம். ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் நான்கு நீட்டல்களை வாட்ச் ஆர்வலர்கள் லக் என்பார்கள். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரை எவ்வளவு என்பதே அந்த நீளம். அதுதான் மணிக்கட்டின் குறுக்கே படுக்கிறது. இது உங்கள் மணிக்கட்டு அகலத்தைத் தாண்டினால் லக் நுனிகள் அந்தரத்தில் நிற்கும், ஸ்ட்ராப் செங்குத்தாகக் கீழே இறங்கும், தோலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் ஆட்டத்துக்குக் காரணம். அகலத்தை விடச் சில மில்லிமீட்டராவது குறைவாக இருந்தால் நிம்மதி.

விட்டமும் இந்த நீளமும் சேர்ந்தே போகும் என்று நினைக்க வேண்டாம். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச் 42 மி.மீ. வாட்ச், அதன் லக் நீளம் 48 மி.மீ. அளவில் நின்றுவிடும். பனேராய் லூமினோர் 44 மி.மீ.; விட்டத்தில் வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர், ஆனால் லக் நீளம் 50-ஐத் தாண்டும். இன்னொரு பக்கம் ஒமேகாவின் பிளோபிராஃப் இருக்கிறது. 55 மி.மீ. அகலம் என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அந்த அகலம் கையின் நீளவாக்கில் போகிறது. மணிக்கட்டின் குறுக்கே படுப்பது 48 மி.மீ.தான். தோற்றத்தில் பிரமாண்டமாக இருந்தாலும் பலருக்கு அது கையின் ஓரத்தைத் தாண்டாது.

செயின் உள்ள வாட்சில் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். லக்கோடு சேரும் முதல் கண்ணி சுதந்திரமாகக் கீழே மடங்குகிறதா, அல்லது சிறிது தூரம் விறைப்பாக நீட்டிக்கொண்டு பிறகு மடங்குகிறதா? நீட்டிக்கொண்டு நின்றால், அந்த நீட்டலையும் லக் நீளத்தோடு கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். காகிதத்தில் 49 இருக்கும் வாட்ச் கையில் 54 போல நடந்துகொள்வது இதனால்தான்.

அடுத்தது தடிமன். 12 மி.மீ. வரை பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. 15-ஐத் தாண்டினால் சட்டைக் கையோடு மல்லுக்கட்டல் ஆரம்பிக்கும். 18 என்றால் கதவு நிலை, மேஜை ஓரம் எல்லாவற்றிலும் இடிக்காமல் இருக்கக் கைக்குப் புதுப் பழக்கம் வேண்டும்.

உலோகம் என்ன என்பதையும் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் சுமார் 8 கிராம், டைட்டானியம் 4.5, கடிகாரச் செராமிக் 6-க்குப் பக்கம், 18 காரட் தங்கம் 15-ஐத் தாண்டும், பிளாட்டினம் 20 அளவு. ஒரே அளவு வாட்ச் டைட்டானியத்தில் இறகு போலவும் பிளாட்டினத்தில் கல் போலவும் இருப்பது இதனால். 2013-இல் வந்த பிளாட்டினம் ரோலெக்ஸ் டேடோனா வெறும் 40 மி.மீ.தான், ஆனால் ஸ்டீல் டேடோனாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். மறுபக்கம் 2023-இல் வந்த டைட்டானியம் யாட்மாஸ்டர் 42 மி.மீ. இருந்தும் செயினோடு சேர்த்து 100 கிராம் அளவுதான். ஆக, பெரிது வேறு, கனம் வேறு. உங்களைப் பயமுறுத்துவது இரண்டில் எது என்று முதலிலேயே தெளிவாகிவிட்டால் தேடும் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

என் பார்வையில் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

வாட்சின் தலை, அதாவது டயலும் இயந்திரமும் உள்ள பகுதி, மணிக்கட்டின் மேல் இருக்கிறது. செயினும் பூட்டும் கீழே இருக்கின்றன. தலை மிகக் கனமாகவும் கீழ்ப்பகுதி மிக லேசாகவும் இருந்தால், கையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தலை கீழே இறங்கப் பார்க்கும். கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது அது மெல்ல வெளிப்பக்கம் சரிந்து, அந்தத் துருத்திய எலும்பின் மேல் போய் உட்காரும். நீங்கள் தள்ளிவிடுவீர்கள், அது திரும்ப வரும். ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "கனம் தாங்கவில்லை" என்று சொல்கிறவர்களில் பலர் உண்மையில் அலுத்துப்போவது இந்தத் தள்ளிவிடும் வேலையில்தான்.

தலையின் உயரமும் இதில் சேர்கிறது. 2008-இல் வந்த ரோலெக்ஸ் டீப்ஸீயை எடுத்துக்கொள்ளுங்கள். 3,900 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கண்ணாடி மட்டுமே 5.5 மி.மீ. தடிமன். உள்ளே ஒரு வலுவான வளையம், கீழே டைட்டானியம் அடிமூடி. மொத்தத் தடிமன் 18 மி.மீ.க்கு மிக அருகில், மொத்த எடை 200 கிராமுக்கு மேல். எடையின் பெரும்பங்கு தோலிலிருந்து உயரத்தில் நிற்கிறது. உயரமாக நிற்கும் எடைக்குச் சரிவது எளிது. 2018-இல் இதைப் புதுப்பித்தபோது செயினை அகலமாக்கினார்கள், பூட்டையும் அதற்கேற்பப் பெரிதாக்கினார்கள். மொத்த எடை கூடினாலும் பரவாயில்லை, கீழே எதிர்எடை இருந்தால் மேலே உள்ள எடை அடங்கி நிற்கும். கனமான செயினைக் குறையாகப் பார்க்காதீர்கள். கனமான தலைக்கு அது துணை.

முன்பு சொன்ன பிளாட்டினம் டேடோனா இவ்வளவு கனத்திலும் பலருக்குத் தொந்தரவு தராமல் இருப்பதற்கும் இதுவே காரணம். தலையும் உயரம் குறைவு, செயினும் முழுக்கப் பிளாட்டினம். எடை கையைச் சுற்றிலும் பரவிக்கிடக்கிறது.

அடிமூடியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். வாட்சைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். லக் நுனிகள் அடிமூடியை விடக் கீழே இறங்கியிருந்தால், அல்லது இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது. கையின் வளைவை அவை அணைத்துக்கொள்ளும். அடிமூடி மட்டும் கிண்ணம் போல் கீழே துருத்திக்கொண்டு, லக்குகள் மேலே தங்கிவிட்டிருந்தால், வாட்ச் அந்த ஒரு மேட்டின் மேல் நின்று இப்படியும் அப்படியும் ஆடும். எடை முழுவதும் அந்தச் சின்ன வட்டத்தின் வழியாகவே தோலில் இறங்கும்.

இங்கே ஒரு பழைய விவரத்தைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும். இன்று பெரிய வாட்ச்களுக்கு முன்மாதிரியாக இருக்கும் சில கடிகாரங்கள் வெறும் கையில் கட்டுவதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. பனேராயின் 47 மி.மீ. ரேடியோமிர் இத்தாலியக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்காக, மூழ்கும் உடைக்கு மேல் கட்டுவதற்கு உருவானது. ஐ.டபிள்யூ.சி. 1940-இல் செய்த 55 மி.மீ. விமானிக் கடிகாரத்தை நீளமான ஸ்ட்ராப்பால் தடித்த மேற்சட்டைக்கு வெளியே கட்டினார்கள். அந்த வடிவங்களை நாம் இப்போது தோலின் மேல் கட்டுகிறோம். ஐ.டபிள்யூ.சி.யே 2002-இல் 46.2 மி.மீ. பிக் பைலட்டைக் கொண்டுவந்து, பிறகு 2021-இல் 43 மி.மீ. அளவிலும் தந்தது. பிடித்த வாட்ச் உங்கள் கைக்குப் பெரிதாக இருந்தால் அதே குடும்பத்தில் சின்னது இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு மாதிரி

கெட்டி அட்டையில் வாட்சின் உருவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் லக் நீளம். அகலம் விட்டத்தோடு கிரவுனையும் (நேரத்தை மாற்றத் திருகும் பக்கவாட்டுக் குமிழ்) சேர்த்து. தடிமன் வரும்வரை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ரப்பர் பேண்டால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு சட்டை போட்டுப் பாருங்கள், கீபோர்டில் தட்டுங்கள், பாத்திரம் கழுவுங்கள். கனம் தெரியாதுதான், ஆனால் உயரமும் நீளமும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கனத்துக்கு, அதே எடைக்கு நாணயங்களைச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டிப் பார்க்கலாம். அதில் வாட்சின் சமநிலை வராது, எடையின் உணர்வு மட்டும் வரும்.

கடையில்

மாலை நேரத்தில் போங்கள். வெயிலில் நடந்த பிறகு, வேலை செய்த பிறகு கை சற்று உப்பியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்தது மாலையில் இறுக்குமா என்பது மாலையில்தான் தெரியும். வழக்கமாகப் போடும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவதும் நல்லது.

முதல் சிக்கல் செயினின் நீளம். கடையில் வைத்திருக்கும் வாட்சில் பெரும்பாலும் எல்லாக் கண்ணிகளும் இருக்கும். வளையல் போல் தொளதொளவென்று கையில் சுற்றும். அந்த நிலையில் எந்தக் கனமான வாட்சும் மோசமாகத்தான் தோன்றும். விற்பனையாளர் கீழே செயினை விரல்களால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு "இப்போது பாருங்கள்" என்பார். அதில் அழகு தெரியும், சுகம் தெரியாது. கண்ணிகளைக் கழற்றித் தர முடியுமா என்று நேராகவே கேளுங்கள். முடியாது என்றால், செயினுக்கும் கைக்கும் நடுவே சின்ன மெத்தை வைத்துக் கட்டித் தரச் சொல்லலாம். அல்லது அதே மாடலை ரப்பர் ஸ்ட்ராப்பில் தரச் சொல்லலாம். தலை எப்படி உட்காருகிறது என்பதாவது தெரியும்.

கட்டிய பிறகு இடம் சரியா என்று பாருங்கள். துருத்திய எலும்புக்குப் பின்னால், முழங்கைப் பக்கமாக வாட்ச் உட்கார வேண்டும். எலும்பின் மேலோ அதற்கு முன்னாலோ இருந்தால் அடுத்து வரும் எந்தச் சோதனைக்கும் பொருள் இல்லை.

பிறகு இறுக்கம். லேசான வாட்சைத் தளர்வாகக் கட்டலாம், கனமானதைக் கட்டக்கூடாது. பூட்டுக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி சிரமமில்லாமல் போக வேண்டும், அதற்கு மேல் இடம் வேண்டாம். கையை ஆட்டினால் வாட்ச் அரை விரலகலம் நகரலாம்; உருளக்கூடாது. தளர்வாக இருப்பதே சுகம் என்று புதியவர்களுக்குத் தோன்றும். கனமான வாட்சில் அது தலைகீழ். தளர்வு கூடக் கூட எடை வேகம் எடுத்து இடிக்கும்.

இப்போது கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் கடைக்குள் நடந்து வாருங்கள். வாட்சைத் தொடாமல் கையைத் தூக்கி மணி பாருங்கள். டயல் உங்கள் முகத்தை நோக்கி இருக்கிறதா, வெளிப்பக்கம் சரிந்து கிடக்கிறதா? சரிந்திருந்தால், ஒரு கண்ணி அல்லது பூட்டில் ஒரு பல் இறுக்கி மறுபடி நடங்கள். இறுக்கியும் சரிந்தால் அந்தத் தலை உங்கள் கையின் உருண்டைக்குப் பொருந்தவில்லை. இந்த ஒரு சோதனையில் தோற்ற வாட்சை எவ்வளவு பிடித்திருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது கையை ஊன்றுவது போல் உள்ளங்கையை மேஜையில் ஊன்றி உடம்பைச் சற்று அழுத்துங்கள். மணிக்கட்டு பின்னால் மடங்கும்போது கிரவுன் புறங்கையில் குத்துகிறதா? பெரிய வாட்ச்களில் அடிக்கடி வரும் தொல்லை இது. அதிலும் கிரவுனுக்குக் காவலாக இரண்டு பக்கமும் உலோகம் துருத்தியிருக்கும் மாடல்களில் இன்னும் அதிகம். லேசாகத் தொட்டால் பரவாயில்லை, அழுந்தினால் யோசியுங்கள். மற்றபடி எல்லாம் பிடித்து இது மட்டும் தொந்தரவு என்றால் கிரவுன் இடப்பக்கம் உள்ள மாடல்களைத் தேடலாம். பிளோபிராஃபின் கிரவுன் 9 மணிப் பக்கம்தான் இருக்கிறது. டியூடர் 2016-இல் பெலகோஸ் வாட்சை இடப்பக்கக் கிரவுனோடு வெளியிட்டது. பனேராயிலும் இப்படி உண்டு. இவற்றில் சில வலக்கையில் கட்டுகிறவர்களுக்காக வந்தவை என்றாலும் இடக்கையில் கட்டினால் புறங்கைக்கு நிம்மதி.

மேஜையில் கை வைத்து டைப் செய்வது போல் செய்யுங்கள். இப்போது பேசுவது கீழே உள்ள பூட்டு. மணிக்கட்டின் அடிப்பகுதி சின்னதாக இருப்பவர்களுக்குப் பூட்டின் நீளமான தகடு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு மேஜையில் தட்டும், ஓரம் சதையில் பதியும். பூட்டு கையின் அடியில் சரியாக நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கண்ணிகளை மேலும் கீழும் மாற்றிக் கழற்றினால் சரியாகும். மாற்றியும் தகடு துருத்தினால் அது வாட்சின் வடிவம், சரிசெய்ய வழி இல்லை. தோல் ஸ்ட்ராப்பில் வரும் மடக்குப் பூட்டுகளிலும் இதே கதைதான். அதில் சாதாரண பக்கிள் போட முடியுமா என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்றும் செய்யாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், உத்தரவாதம் பற்றிக் கேளுங்கள், வேறு வாட்ச்களைப் பாருங்கள். கையில் உள்ளதை மட்டும் கழற்றாமல் குறைந்தது 20 நிமிடம் வைத்திருங்கள். உங்கள் மறு கை தானாக எத்தனை தடவை அதைத் தொட்டு நகர்த்துகிறது என்பதைக் கூட வந்தவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். நமக்கே தெரியாமல் செய்வோம், பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

கழற்றியதும் தோலைப் பாருங்கள்

வாட்சைக் கழற்றிய உடனே மணிக்கட்டை வெளிச்சத்தில் பாருங்கள். அடிமூடியின் வட்டம் முழுதாக, ஒரே அளவு வெளிறிய சிவப்பில் பதிந்திருந்தால் எடை பரவலாக இறங்கியிருக்கிறது. சில நிமிடங்களில் மறைந்துவிடும், கவலை இல்லை. வட்டத்தில் பாதி மட்டும் ஆழமாகப் பதிந்து மறுபாதி தெரியாமல் இருந்தால் வாட்ச் சாய்ந்து நின்றிருக்கிறது. புறங்கை ஓரத்தில் சின்னப் பற்சக்கரத் தடம் தெரிந்தால் கிரவுனின் வேலை. கீழே இரண்டு இணைகோடுகள் இருந்தால் பூட்டுத் தகடு. இப்படித் தோலே எங்கே சிக்கல் என்று காட்டிவிடும். கடை வெளிச்சத்திலும் புது வாட்சின் சந்தோஷத்திலும் நாம் உணராமல் விட்டதும் அதில் பதிந்திருக்கும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. கட்டைவிரலின் பின்பக்கம், அதைச் சேர்ந்த புறங்கைப் பகுதியில் மரத்துப்போதல் அல்லது எரிச்சலோடு கூசுதல் வந்தால் அதைக் "கனத்துக்குப் பழகுகிறது" என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பகுதிக்கு உணர்ச்சி தரும் நரம்பு மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. இறுக்கமான வாட்ச் ஸ்ட்ராப் அதை அழுத்தி இப்படி ஆவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். உடனே தளர்த்துங்கள், தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பது சுகத்தோடு நேரடியாகச் சேராது. ஆனாலும் "ரொம்பப் பெரிதாகத் தெரிகிறதோ" என்ற கூச்சம் இருந்தால் வாட்சைக் கட்ட மனம் வராது. அதை முழு உயரக் கண்ணாடியில் மட்டும் தீர்மானியுங்கள். போனைக் கைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் எந்த வாட்சும் உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும், லென்ஸ் அப்படி. அடுத்தவர் உங்களைப் பார்ப்பது கண்ணாடி காட்டும் தூரத்திலிருந்துதான்.

செயினா, ரப்பரா, தோலா

கனமான தலைக்கு முதல் தேர்வாக நான் சொல்வது செயின், அதிலும் பூட்டிலேயே நுண்ணிய சரிசெய்தல் உள்ள செயின். ரோலெக்ஸின் கிளைடுலாக் பூட்டில் கருவி எதுவும் இல்லாமல் சுமார் 2 மி.மீ. படிகளாக 20 மி.மீ. வரை நீட்டலாம், குறுக்கலாம். வேறு பல பிராண்டுகளிலும் பொத்தானை அழுத்தி நகர்த்தும் பூட்டு இருக்கிறது. காலையில் ஒரு பல், வெயிலில் இன்னொரு பல் என்று மாற்றிக்கொள்ள முடிவது கனமான வாட்சுக்கு மிகப் பெரிய உதவி. இந்த வசதி இல்லாமல் கண்ணியைக் கழற்றி மாட்டுவது மட்டுமே வழி என்றால், இரண்டு அளவுக்கும் நடுவில் உங்கள் கை மாட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ரப்பர் மொத்த எடையைக் குறைக்கும், ஆனால் கீழே இருந்த எதிர்எடையும் போய்விடும். ஸ்டீல் தலைக்கு ரப்பர் போட்டால் தலை மட்டும் கனம் என்ற உணர்வு கூடலாம். ரப்பர் தோலைப் பற்றிக்கொள்ளும் என்பதால் சரிவு சற்றுக் குறையவும் செய்யும். ஆக, கட்டிப் பார்த்தால்தான் உங்கள் கையில் எது ஜெயிக்கிறது என்று தெரியும். தலையே டைட்டானியம் என்றால் ரப்பரோ துணி ஸ்ட்ராப்போ அருமையாகப் பொருந்தும். ஒமேகா 2022-இல் கொண்டுவந்த அல்ட்ரா டீப்பில் டைட்டானியம் மாடல் துணி ஸ்ட்ராப்போடு வந்தது. 45.5 மி.மீ., 6,000 மீட்டர் ஆழம் தாங்கும் வாட்ச் அது. ஆனால் டைட்டானியம் எடையைத்தான் குறைக்கும், உயரத்தைக் குறைக்காது. அதே ஆண்டு வந்த ரோலெக்ஸ் டீப்ஸீ சேலஞ்சும் டைட்டானியம்தான், 50 மி.மீ. விட்டம், 23 மி.மீ. தடிமன். சட்டைக் கைக்குள் அது எப்படிப் போகும்?

தோல் ஸ்ட்ராப்பில் அகலத்தைப் பாருங்கள். 24 மி.மீ. போன்ற அகலமான, தடித்த தோல் எடையைப் பரப்பி வாங்கிக்கொள்ளும். பனேராய் வாட்ச்கள் தடித்த தோலோடு வருவதில் அழகு மட்டும் இல்லை, இந்த வேலையும் நடக்கிறது. மெல்லிய குறுகலான தோலைக் கனமான தலைக்கு மாட்டினால் ஓரங்கள் சதையில் இறங்கும். வியர்க்கும் கை என்றால் தோல் வேண்டாம். துளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். ஒரு துளையில் தொளதொள, அடுத்ததில் இறுக்கம் என்று இருந்தால் நடுவே ஒரு துளை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: வாட்ச்களில் பரவலாகப் பயன்படும் ஸ்டீல் வகைகளில் நிக்கல் உண்டு. டைட்டானியம், செராமிக் பக்கம் போவது நல்லது.

உங்கள் வேலையையும் கணக்கில் சேருங்கள்

நாள் முழுக்கக் கீபோர்டில் இருப்பவருக்குப் பூட்டுதான் முதல் எதிரி, தலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. வண்டி ஓட்டுகிறவருக்குக் கிரவுன். கைக்குழந்தையைத் தூக்குகிறவர்களுக்கு ஓரங்கள் கூராக உள்ள கேஸே (வாட்சின் வெளிக்கூடு) வேண்டாம். கையை வேகமாக வீசும் வேலையோ விளையாட்டோ என்றால் கனமான தலை எந்த இறுக்கத்திலும் இடிக்கும். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் ஆட்டத்தின்போது அணிவதற்காக 2010-இல் ரிச்சர்ட் மில் செய்த ஆர்.எம். 027 ஸ்ட்ராப்போடு சேர்த்தே 20 கிராமுக்குக் குறைவு. அந்த வேலைக்கு அவ்வளவு லேசு தேவைப்பட்டது. 200 கிராம் வாட்ச் வைத்திருப்பவர் விளையாடப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவதே முறை.

வாங்கிய பிறகு

முதல் வாரம் தினமும் சில மணி நேரம் மட்டும் கட்டுங்கள். கையின் தசைகளும் தோலும் எடைக்குப் பழக அது போதும். இரண்டாம் வாரம் முழு நாள். இந்த நாட்களில் இறுக்கத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். கடையில் சரியென்று பட்ட அளவு வீட்டில் ஒரு கண்ணி கூடவோ குறையவோ ஆவது சாதாரணம். செயின் பூட்டு நடுவில் நிற்கவில்லை என்றால் கடைக்குத் திரும்பப் போய்ச் சரிசெய்து வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். கனமான வாட்சில் ஒரு கண்ணியின் வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

மூன்று வாரம் கழித்தும் கை அதைத் தள்ளிக்கொண்டே இருந்தால், வேறு ஸ்ட்ராப் ஒன்றை முயன்று பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் வாட்ச் புதிதாக இருக்கும்போதே மாற்றுவதா விற்பதா என்று முடிவு செய்வது நல்லது. கீறல் விழுந்து, பெட்டியும் காகிதங்களும் எங்கோ போன பிறகு கிடைப்பது குறையும்.

கழற்றிய கண்ணிகளை, அவற்றின் திருகுகளோடு சேர்த்து, சின்ன உறையில் போட்டு வாட்சின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கோடையில் கை உப்பும்போதும், உடம்பு ஏறி இறங்கும்போதும், ஒருநாள் வேறு யாருக்கோ அந்த வாட்சைக் கொடுக்கும்போதும் அவை தேவைப்படும். தனியாக வாங்கப் போனால் விலையும் அதிகம், எளிதில் கிடைக்கவும் கிடைக்காது.